கழற்றக் கூடாத சங்கிலி

என் வலது கை எப்போதும் இடது மணிக்கட்டைத் தேடிப் போகும். பேருந்தில், சாப்பாட்டுக் கடை வரிசையில், அலுவலகக் கூட்டத்தில் மேலதிகாரி சொன்னதையே திரும்பச் சொல்லும்போது, எங்கே இருந்தாலும் போகும். அங்கே ஓர் எஃகுச் சங்கிலி இருக்கிறது. அதில் ஒரு தகடு. தகட்டைத் திருப்புவேன், மறுபடியும் திருப்புவேன், கொக்கி மாட்டியிருக்கிறதா என்று நகத்தால் தட்டிப் பார்ப்பேன். மாட்டித்தான் இருக்கும். ஆனாலும் கை கேட்காது. "உன் பக்கத்துல உக்காந்தா எனக்கே அரிக்குது" என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவருக்கென்ன, வெட்டுப்பட்டால் அவருக்கு ரத்தம் தானாக நின்றுவிடும்.

எனக்கு நிற்காது. ரத்தம் உறைவதற்கு வேண்டிய ஒரு புரதம் என் உடம்பில் மிகக் குறைவு. பிறவியிலேயே அப்படி. ஆனால் எனக்குத் தெரிந்தது கல்யாணமான வருஷம்தான். கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். மறுநாளும் பஞ்சு பஞ்சாக ரத்தம் வந்தது. அதற்கு முன்னால் மாதாமாதம் நான் பட்ட பாட்டையெல்லாம் "பொம்பளைங்களுக்கு அப்படித்தான்" என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். நானும் நம்பியிருந்தேன். நோய்க்கு யாரோ ஓர் ஐரோப்பிய மருத்துவரின் பெயர். எங்கள் குடும்பத்தில் ஒருவர் வாயிலும் அது நுழையாது.

அந்தப் பல் பிடுங்கிய மறுநாள் பேசினைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றவர் அண்ணி. என் வீட்டுக்காரரின் அக்கா. தாய் இல்லாத தம்பியை வளர்ப்பதற்காகத் தன் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டு, கடைசியில் தள்ளிப் போடுவதற்குக்கூட ஒன்றும் இல்லாமல் போனவர். கடலுக்கு அந்தக் கரையில், பட்டர்வொர்த்தில் தனியாக இருக்கிறார். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தம்பிக்கு மாமன் மகளைக் கட்டி வைக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். தம்பி என்னைக் கொண்டுபோய் முன்னால் நிறுத்தியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "அசலா?" என்பதுதான். சொந்தத்துக்கு வெளியிலிருந்து வந்தவளா என்று அர்த்தம்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என்னைப் பல வருஷம் ஓட்டினார். ரசத்தில் புளி கூடினால், "அசல் வீட்டு ரசம் அப்படித்தான் இருக்கும்லா." நான் கோபித்துக்கொண்டால், "அசல்லேருந்து வந்தவ, நம்ம கேலி புரியாது." ஞாயிற்றுக்கிழமை ஃபெரியில் வந்து இறங்கும்போது கையில் எனக்கென்று கருவாட்டுக் குழம்பு இருக்கும், வாயில் எனக்கென்று ஒரு குத்தல் இருக்கும். இரண்டும் இல்லாமல் ஒரு ஞாயிறும் வந்ததில்லை.

என் நோயை அவர் "அந்த ஆளு" என்பார். "அந்த ஆளு இந்த வாரம் சும்மா இருந்தாரா?" மாடியில் குடிவைத்த யாரோ காலி செய்ய மாட்டேன் என்று அடம்பிடிப்பது போலக் கேட்பார். எனக்குச் சிரிப்பு வரும்.

நோய் தெரிந்த பிறகு மருத்துவமனையில், எப்போதும் ஓர் அடையாளச் சங்கிலி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். நினைவு தப்பி எங்காவது கிடந்தால், எனக்கு என்ன நோய், என்ன மருந்து கொடுக்கக் கூடாது என்பதை என் வாய்க்குப் பதிலாக அது சொல்லும். ஆஸ்பிரின் கூடாது. தசையில் ஊசி கூடாது. எஃகில் ஒன்று வாங்கிப் போட்டேன். அண்ணி பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"என்னா இது, போலீஸ் லோக்காப்புல போடுற வளையம் மாதிரி? கல்யாணம் காச்சின்னு போற பொண்ணு. நாலு பேரு என்னா நினைப்பாங்க?"

"நாலு பேரு படிக்கணும்னுதான் அண்ணி போட்டிருக்கேன்."

"படிக்கிறவன் தங்கத்துல இருந்தா படிக்க மாட்டானா?"

அந்தத் தீபாவளிக்குத் தன் வளையல் ஒன்றை அழித்து, லிட்டில் இந்தியாவில் தனக்குத் தெரிந்த பத்தரிடம் கொடுத்து, எனக்குத் தங்கத்தில் ஒரு கைச்சங்கிலி செய்து கொண்டுவந்தார். மருத்துவச் சின்னத்தில் ஒரு கோலும் அதைச் சுற்றிய பாம்பும் இருக்கும் அல்லவா, பத்தர் அந்தப் பாம்பைப் படம் எடுக்க வைத்துவிட்டார். பார்த்தால் நாகாத்தம்மன் டாலர். எழுத்து இருந்தால் அழகு கெடும் என்று எல்லாவற்றையும் பின்பக்கம், தோலோடு ஒட்டும் பக்கம், பொடி எழுத்தில் வெட்டியிருந்தார். எனக்கு அது பிடித்திருந்தது. எஃகைக் கழற்றிவிட்டு இதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது நோயாளி என்ற நினைப்பே வரவில்லை. அசலிலிருந்து வந்தவளுக்காக ஒருவர் தன் வளையலை அழித்திருக்கிறார் என்ற நினைப்புதான் வந்தது. அழுதுவிட்டேன்.

இங்கே அண்ணியின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கே யார் கீழே விழுந்தாலும், மயங்கினாலும், அவர் முதலில் நகையைக் கழற்றுவார். "மொதல்ல பொன்னு, அப்புறம் தண்ணி" என்பது அவர் சட்டம். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவருடைய அம்மாவை ரோட்டில் மோட்டார் சைக்கிள் ஒன்று இடித்துப் போட்டுவிட்டது. கூட்டம் கூடியது. அண்ணி ஓடிப்போய்ச் சேர்வதற்குள் கழுத்தில் சங்கிலி இல்லை, காது அறுந்திருந்தது. அம்மா பிழைக்கவில்லை. அண்ணி அதைப் பேசும்போது சாவைப் பற்றிப் பேச மாட்டார். காதைப் பற்றித்தான் பேசுவார்.

அதற்கப்புறம் கோயிலில் யாராவது சாமியாடி விழுந்தாலும் சரி, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பிரசவ வலி வந்தாலும் சரி, அண்ணியின் விரல்கள் முன்னால் நிற்கும். வலிக்காமல், இழுக்காமல், திருகாணியைப் பார்க்காமலே கழற்றுவார். கைக்குட்டையில் முடிந்து ரவிக்கைக்குள் வைத்துக்கொள்வார். வீட்டுக்காரர்கள் வந்ததும் எண்ணி ஒப்படைப்பார். அதற்காகவே அவரைப் பலருக்குப் பிடிக்கும்.

இரண்டு வருஷம் முன்பு, தீபாவளிக்கு முந்தின வாரம், நானும் அண்ணியும் லிட்டில் இந்தியாவுக்குச் சாமான் வாங்கப் போனோம். நல்ல மழை. கடைகளுக்கு முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதையான அஞ்சடியில் எல்லோரும் ஒதுங்கியிருந்தார்கள். அந்தப் பழைய வழவழப்பான ஓடுகளில் மழைத்தண்ணீர் தெறித்துக் கிடந்தது. அண்ணி வளையல் கடைக்காரரிடம் விலை பேசிக்கொண்டிருந்தார். நிற்கப் பொறுமையில்லாமல் நான் அடுத்த கடைக்கு நடந்தேன். கால் வழுக்கியது. தூணின் விளிம்பு என் தலையை நோக்கி வந்தது வரைக்கும் நினைவிருக்கிறது.

பிறகு நினைவிருப்பதெல்லாம் விரல்கள்தான். காதில் ஒரு திருகல். கழுத்துக்குப் பின்னால் ஒரு கை நுழைந்து தாலிச் சங்கிலியைத் தூக்கியது. மணிக்கட்டில் ஏதோ அவிழ்ந்தது. "ஒண்ணுமில்லமா, ஒண்ணுமில்ல. நான் இருக்கேன்" என்ற குரல். கழற்றாதீர்கள் என்று சொல்ல வேண்டும் என்று எங்கேயோ உள்ளே தெரிந்தது. நாக்கு அசையவில்லை. வாய் பேசாதபோது பேசுவதற்கென்று நான் கட்டியிருந்த ஒன்றை, என்னை மிகவும் நேசித்த ஒருவர் பூ எடுப்பது போல எடுத்துக்கொண்டார்.

ஆம்புலன்ஸில் அவரை ஏற்றவில்லை. என் கைப்பையோடு வாடகைக் காடி பிடித்துப் பின்னால் வந்தார். அதற்குள் மருத்துவமனையில் என் தலைக்குத் தையல் போட்டார்கள், தோளில் டெட்டனஸ் ஊசி போட்டார்கள். விழுந்து அடிபட்ட யாருக்கும் செய்வதை எனக்கும் செய்தார்கள். அதில் ஒரு தப்பும் கிடையாது. ஆனால் தையல் போட்ட இடத்தில் ரத்தம் நிற்கவில்லை, ஊசி போட்ட தோள் வீங்கிக்கொண்டே போனது. ஏன் என்று அவர்களுக்குப் புரியவில்லை.

காரணம் கதவுக்கு வெளியே, அண்ணியின் ரவிக்கைக்குள், கைக்குட்டையில் முடிந்து இருந்தது. அவர் நெஞ்சின் மேல் கையை அழுத்தி வைத்துக்கொண்டு, யாரையும் பக்கத்தில் உட்கார விடாமல் காவல் காத்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓடி வந்து கேட்ட முதல் கேள்வி, "அவ கைச்சங்கிலிய டாக்டருங்க பார்த்தாங்களா?"

அண்ணி நெஞ்சைத் தட்டிக் காட்டினாராம். "எல்லாம் இங்கதான் இருக்கு. ஒண்ணு விடாம கழட்டிட்டேன். பத்திரமா இருக்கு."

சொல்லி முடிக்கும்போதே அவர் முகம் மாறியது என்று என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். என் வீட்டுக்காரர் உடனே உள்ளே ஓடினார். அவர் போய்ச் சொன்ன பிறகுதான் எனக்குச் சரியான மருந்து ஏறியது.

அண்ணிக்கு என் நோய் தெரியாதா? எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். ஆனால் கீழே கிடந்தவளைப் பார்த்ததும் அவர் கண்ணுக்கு நான் தெரியவில்லை. ரோட்டில் கிடந்த அம்மாதான் தெரிந்தார்.

இதெல்லாம் இப்போது எழுதும்போது தெளிவாக இருக்கிறது. அப்போது எனக்குக் கோபம்தான் இருந்தது. தோளிலிருந்து முழங்கை வரைக்கும் கத்தரிக்காய் நிறத்தில் கை கனத்துக் கிடந்தது. கோபப்படக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டால் கோபம் இன்னும் கூடியது. நல்ல மனசோடு செய்த காரியத்தின் மேல் கோபப்படுவது மாதிரி எரிச்சலான வேலை உலகத்தில் இல்லை. திட்டவும் முடியாது, விடவும் முடியாது.

வீட்டுக்கு வந்ததும் தங்கச் சங்கிலியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி வெட்டி, பெயர் பொறித்துக் கொடுக்கும் சின்னக் கடை ஒன்று எனக்குத் தெரியும். அங்கே போய் இருப்பதிலேயே அழகில்லாத எஃகுச் சங்கிலியைத் தேர்ந்தெடுத்தேன். நல்ல தடிமன், முன்பக்கமே எழுத்து, சிவப்பில் சின்னம். நோயின் பெயர் அவ்வளவு நீளமாக இருந்ததால் என் பெயருக்கு இடமில்லை. என்ன கொடுக்கக் கூடாது என்பதையும் என் வீட்டுக்காரரின் தொலைபேசி எண்ணையும் போட்டால் தகடு நிறைந்துவிட்டது. பரவாயில்லை என்றேன். ஆஸ்பத்திரிக்கு என் பெயரா முக்கியம்?

என் வீட்டுக்காரரோடு அண்ணியும் கூட வந்திருந்தார். லோக்காப்பு வளையம் என்று சொல்லவில்லை. கடையிலிருந்து கிளம்பும்போது மட்டும், "நீங்க ரெண்டு பேரும் காடிக்குப் போங்க. வீட்டுச் சாவிக்கு ஒரு டூப்ளிகேட் போடணும், போட்டுட்டு வர்றேன்" என்றார். வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். சாவி வெட்ட இவ்வளவு நேரமா என்று நான் முணுமுணுத்ததும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் இந்தக் கை நிலைகொள்ளாமல் போனது. குளிக்கும்போது பார்ப்பேன், தூங்கும் முன் பார்ப்பேன், ரோட்டைக் கடக்கும் முன் பார்ப்பேன். மழை பெய்தால் அஞ்சடியில் கால் வைக்க மாட்டேன். குடை பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே நடப்பேன். யாராவது அன்பாகக் கையைப் பிடித்தால்கூட உருவிக்கொள்வேன். என்னைச் சுற்றி இருப்பவர்களில் அடுத்து யார் எனக்கு நல்லது செய்யப் போகிறார்களோ என்று ஒவ்வொருவர் கையையும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அண்ணியும் மாறிப்போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார், குழம்பைக் கொடுப்பார், நாற்காலி நுனியில் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புவார். எந்நேரமும் நீளக் கை வைத்த பாஜு கூரோங் அங்கி போட ஆரம்பித்திருந்தார். வயசாகிறது, குளிருது போல என்று நினைத்துக்கொண்டேன். என் ரசத்தைச் சத்தமில்லாமல் குடித்தார். ஒரு நாள் வேண்டுமென்றே புளியை அள்ளிப் போட்டேன். அதையும் குடித்தார். அசல் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. பல வருஷம் அந்தச் சொல்லுக்கு எரிச்சல்பட்டவள், அது இல்லாத ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

போன தைப்பூசம் முடிந்த வாரம். உடைத்த தேங்காய்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ரோட்டில் இன்னும் லேசாகப் புளித்த வாடை இருந்தது. நான் கெலுகோரில், பல்கலைக்கழக அலுவலகத்தில் இருந்தேன். என் வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

"நீ எங்க இருக்க?"

"ஆபீஸ்ல. ஏன்?"

அவர் அதையே மறுபடியும் கேட்டார்.

"நெசமாவே ஆபீஸ்லதான் இருக்கியா?"

"வேற எங்க இருப்பேன்? என்னங்க ஆச்சு?"

"ஆஸ்பத்திரிலேருந்து கூப்பிட்டாங்க. ரத்தம் உறையாத நோய் இருக்கிற அம்மா ஒருத்தவங்களக் கொண்டாந்திருக்காங்களாம். ஃபெரி ஜெட்டியில விழுந்துட்டாங்களாம். கைச்சங்கிலில என் நம்பர் இருக்குன்னு சொல்றாங்க. நீ இங்க இருக்கன்னா... அங்க இருக்கிறது யாரு?"

என் கை தானாக என் மணிக்கட்டைத் தொட்டது. சங்கிலி இருந்தது. கொக்கி மாட்டியிருந்தது. என்னைத் தவிர இந்த ஊரில் அவருடைய எண்ணைக் கையில் கட்டிக்கொண்டு திரிய யாருக்கு அவசியம்? அடுத்த நொடி எனக்குப் புரிந்துவிட்டது. நீளக் கை பாஜு. சாவிக்கு டூப்ளிகேட்.

"அண்ணிங்க" என்றேன். "அண்ணிதான்."

அவரிடம் எண்ணை வாங்கி மருத்துவமனைக்கு நானே அடித்தேன். எங்கெங்கோ மாற்றிக் கடைசியில் ஒரு பெண் மருத்துவர் வந்தார், தமிழர். மாரடைப்பு என்றார். ரத்தம் கட்டி அடைத்திருக்கிறது, உடனே ஆஸ்பிரின் கொடுக்க வேண்டும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து ஏற்ற வேண்டும், ஆனால் கைச்சங்கிலியில் ஆஸ்பிரின் கூடாது என்று எழுதியிருக்கிறது என்றார். ரத்த நோய் மருத்துவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நோயாளி அரை மயக்கத்தில் இருக்கிறார். கைப்பையும் இல்லை, ஐசி என்ற அடையாள அட்டையும் இல்லை.

"டாக்டர், அது என்னோட நோய்! அவங்களுக்கு ஒண்ணுமில்ல. மருந்தக் கொடுங்க!"

"அப்ப ஏன் அவங்க கையில இருக்கு?"

"என்னோடதப் பார்த்து ஒண்ணு செஞ்சு போட்டிருக்காங்க."

சொல்லும்போதே பைத்தியக்காரத்தனமாக இருந்தது. மருத்துவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஃபோன்ல யாரு என்ன சொன்னாலும் நான் கேட்க முடியாதுலா, அக்கா. தப்பாப் போச்சுன்னா அவங்க உசுரு. நேர்ல வாங்க. சீக்கிரம்."

அவர் சொன்னதும் நியாயம்தான். எஃகில் வெட்டியதை விட்டுவிட்டு எவளோ ஒருத்தியின் குரலை எப்படி நம்புவது? அதற்காகத்தானே அந்தச் சங்கிலியை எஃகில் வெட்டுகிறோம்.

கூட வேலை செய்யும் ஒருவர் காடியை எடுத்தார். வழியெல்லாம் ஜாம். என்னால் உட்கார முடியவில்லை. சீட்டின் நுனிக்கு வந்தேன், பின்னால் சாய்ந்தேன், கதவைத் திறந்து இறங்கி ஓடிவிடலாமா என்று பார்த்தேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடித்துவிட்டாரே என்று அண்ணியை வாய்விட்டே திட்டினேன். இத்தனை மாசம் திட்டாமல் வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துத் திட்டினேன். திட்டிக்கொண்டே அழுதேன். ஓட்டியவர் பாவம், ஒன்றும் கேட்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

என் வீட்டுக்காரருக்கு முன்னால் நான் போய்ச் சேர்ந்துவிட்டேன். அண்ணியின் முகம் சாம்பல் நிறமாக இருந்தது, நெற்றியெல்லாம் வேர்வை. பாஜுவின் கையை மேலே சுருட்டிவிட்டிருந்தார்கள். மெலிந்த அந்த மணிக்கட்டில் அதே தடிமன், அதே சிவப்புச் சின்னம், அதே நீளமான ஐரோப்பியப் பெயர். அவர் கை பக்கத்தில் என் கையை வைத்தேன். என்னுடையது கீறல் விழுந்து மங்கியிருந்தது. அவருடையது சட்டைக்குள்ளேயே இருந்ததால் பளபளவென்று இருந்தது.

"பாருங்க டாக்டர். இதுதான் அசல், அது நகல். என் கார்டு இருக்கு, இந்த ஆஸ்பத்திரியிலயே என் ரெக்கார்ட் இருக்கு."

மருத்துவர் என் அட்டையைப் பார்த்தார், கணினியில் பார்க்கச் சொன்னார். ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை. "இது குடும்பத்துல வர்ற நோய், அக்கா. நீங்க ரெண்டு பேரும் கூடப் பிறந்தவங்களா?"

"இல்ல. என் வீட்டுக்காரரோட அக்கா."

"சொந்தத்துல கட்டுனீங்களா? அத்தை மகன், மாமன் மகன் அப்படி ஏதாவது?"

தமிழ் மருத்துவர் அல்லவா, எதைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"இல்ல டாக்டர்! அசல்! நான் அசல்! எனக்கும் இவங்களுக்கும் ரத்த சம்பந்தமே கிடையாது! இவங்க எனக்கு ஒண்ணுமே இல்ல!"

நான் கத்தியதில் அந்தப் பக்கம் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மருத்துவர் தலையை ஆட்டினார். அதன் பிறகு யாரும் நிற்கவில்லை. மாத்திரையை அண்ணியின் வாயில் வைத்து மென்று விழுங்கச் சொன்னார்கள். சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டும், உடம்பில் இருக்கும் நகைகளைக் கழற்றிக் கொடுங்கள் என்று மிஸ்ஸி, நர்ஸை அப்படித்தான் சொல்வோம், என்னிடம் சொன்னார்.

நான் கழற்றினேன். முதலில் எஃகுச் சங்கிலியை, பிறகு காதுத்தோட்டை. அண்ணியைப் போல வலிக்காமல் எடுக்க எனக்குத் தெரியவில்லை. அவர் கண் பாதி திறந்தது. நான் என்ன செய்கிறேன் என்று பார்த்தார்.

"பத்திரம்" என்றார். தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

எல்லாவற்றையும் அவருடைய கைக்குட்டையிலேயே முடிந்து என் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். உட்கார்ந்தேன், எழுந்தேன், நடந்தேன். முடிச்சு நெஞ்சில் குத்தியது. எனக்குப் பயமாக இருந்தது. அவர் செத்துப்போய்விடுவாரோ என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நான் கத்தியது அவர் காதில் விழுந்திருக்குமோ என்ற பயம். நீ எனக்கு ஒன்றுமே இல்லை என்று நான் சொன்னதுதான் அவர் கேட்ட கடைசிப் பேச்சாக இருந்துவிட்டால்? வேறு வழியில்லாமல் சொன்னேன், அதைச் சொன்னால்தான் பிழைப்பார் என்று சொன்னேன், அதெல்லாம் சரி. ஆனால் அந்த அரை மயக்கத்தில் அவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்?

என் வீட்டுக்காரர் வந்து, "அக்கா எங்க?" என்றார். நெஞ்சைத் தட்டிக் காட்டினேன். தட்டிய பிறகுதான் யாரைப் போலத் தட்டுகிறேன் என்று எனக்கே தெரிந்தது.

அண்ணி பிழைத்துக்கொண்டார். அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். வார்டில் முதல் நாள் அதிகம் பேசவில்லை. மறுநாள் நான் கஞ்சி கொண்டுபோனபோது தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் கேட்டேவிட்டேன்.

"ஏன் அண்ணி அதைப் போட்டீங்க? சாகப் பார்த்தீங்களே!"

அவர் போர்வையை நீவிக்கொண்டே இருந்தார். "மறுபடியும் உனக்கு ஏதாவது ஆயி, நான் கூட இருந்தேன்னா... என் கை சும்மா இருக்காதுமா. எனக்கே தெரியும். பதறுனா மறுபடியும் உன்னோடதக் கழட்டிருவேன். அப்ப என் கையில ஒண்ணு இருந்தா, அதைப் பார்த்தாவது எனக்கு ஞாபகம் வரும்லா. இல்லன்னா வேற யாராவது படிச்சுச் சொல்வாங்க."

"நீங்களே விழுவீங்கன்னு நினைக்கலையா?"

"நான் எங்க விழப் போறேன்னு நினைச்சேன்."

கஞ்சியைக் கிண்டினேன், ஆறிப்போனதை மறுபடியும் கிண்டினேன்.

"டாக்டரம்மாகிட்ட, நான் உனக்கு ஒண்ணுமே இல்லன்னு கத்துனியாமே" என்றார்.

"கேட்டுச்சா?"

"ஆஸ்பத்திரிக்கே கேட்டுச்சு."

"அண்ணி, அது வந்து..."

"அசல்ல கட்டுனதும் நல்லதாத்தான் போச்சு" என்றார். எத்தனையோ மாசம் கழித்து அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்தது. நான் விம்மிவிட்டேன். பக்கத்துப் படுக்கை சீன அம்மா திரும்பிப் பார்த்தார்.

அண்ணி சிரிக்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து இடது கையை வெளியே எடுத்தார். ஊசி குத்திய இடத்திலிருந்து முழங்கை வரைக்கும் கறுத்து நீலம் பாய்ந்திருந்தது. இனிமேல் நாள் தவறாமல் ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட வேண்டுமாம். லேசாக இடித்தாலும் கன்றுமாம், வெட்டுப்பட்டால் சீக்கிரம் நிற்காதாம், மிஸ்ஸி சொல்லியிருக்கிறார். அதற்கென்று ஓர் அடையாளச் சங்கிலி போட்டுக்கொண்டால் நல்லது என்றும் சொல்லியிருக்கிறார்.

அந்த வாரம் அலுவலக மேசையில் இடித்துக்கொண்டதில் என் கையிலும் ஒரு கன்றல் இருந்தது. அண்ணி தன் கையை என் கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். இரண்டு நீலத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்பச் சொல்லு பார்ப்போம்" என்றார், "சம்பந்தம் இல்லன்னு."